பட்டறைக் கம்ப்யூட்டரைப் பூட்டி வைப்பது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை, லீ பஜாரில் மண்டி, இளம்பிள்ளையில் சேலை வியாபாரம், ஏற்காட்டில் நாலு அறை ஹோம்ஸ்டே. தொழில் எதுவானாலும் மேசை மேல் இருப்பது பெரும்பாலும் ஒரே கம்ப்யூட்டர்தான். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் அதில்தான். ஜிஎஸ்டி ரிட்டர்ன் அதில்தான். நெட் பேங்கிங், வாட்ஸ்அப் வெப், டிசைன் படங்கள், வாடிக்கையாளரின் ஆதார் நகல், மதியம் கணக்குப்பிள்ளை பார்க்கும் படம், சாயங்காலம் பையன் விளையாடும் கேம் எல்லாம் அதில்தான். பெரிய நிறுவனங்களில் இவை பல கம்ப்யூட்டர்களில் பிரிந்து கிடக்கும். இங்கே எல்லாம் ஒன்றில் குவிந்திருக்கின்றன. கேம் வழியாக உள்ளே வந்தவன் வங்கிக் கணக்கு வரை நடந்து போக, இடையில் ஒரு தடுப்புச் சுவர்கூடக் கிடையாது.

"ஆன்டிவைரஸ் போட்டாச்சு" என்று அத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். நாங்கள் சொல்லும் வரிசை வேறு. முதலில் நகல், அடுத்து சுவர், அதற்குப் பிறகுதான் காவல்காரன். காவல்காரன் ஒரு நாள் தூங்கிவிட்டாலும் முதல் இரண்டும் இருந்தால் மறுநாள் காலை கடை திறக்க முடியும்.

நகல்

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். சின்ன வியாபாரத்தின் டேலி டேட்டா சில ஜிபியைத் தாண்டுவது அரிது. டிசைன், போட்டோ சேர்த்தாலும் 1 டிபி தாராளம். பென் டிரைவை இதற்கு நம்ப வேண்டாம். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக அது சரி, வருடக்கணக்கில் வைத்திருக்க ஆகாது. ஒரு டிஸ்க்கில் 'செவ்வாய்' என்றும் மற்றதில் 'வெள்ளி' என்றும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அந்தந்தக் கிழமை கடை சாத்துவதற்கு முன் அந்தந்த டிஸ்க்கில் நகல். ஒன்று கடையில் இருந்தால் மற்றது வீட்டில் இருக்க வேண்டும். திருடனும் தீயும் வைரஸைவிடப் பழைய எதிரிகள்.

டேலி பிரைமில் செய்முறை இது. வேறு யாரும் அந்தக் கம்பெனியைத் திறந்து வைத்திருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஆல்ட் பொத்தானோடு ஒய் அழுத்தினால் டேட்டா மெனு வரும். அதில் பேக்கப். கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, சேமிக்கும் இடமாக டிஸ்க்கில் அன்றைய தேதியிட்ட புது ஃபோல்டரைக் காட்டுங்கள். பழைய ஃபோல்டர் மேலேயே எழுத விடாதீர்கள். டேட்டா பத்து நாளாகவே கெட்டுப் போயிருந்தால், கெட்ட நகல் நல்ல நகலை அழித்துவிடும். நான்கு வாரத்து ஃபோல்டர்களையாவது வைத்திருங்கள். டேலி பேக்கப் டேலியை மட்டும்தான் எடுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். பில் பிடிஎஃப், டிசைன் படம், எக்ஸெல் கூலிக் கணக்கு ஆகியவற்றைத் தனியாக காப்பி செய்ய வேண்டும்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறுகள் நான்கு.

முதலாவது, நகல் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றாமல் விடுவது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், சி, டி, இ என்று எழுத்து உள்ள எல்லா டிரைவையும் தேடிப் போய்ப் பூட்டும். மாட்டியே கிடக்கும் டிஸ்க் நகல் ஆகாது, இரண்டாவது பலி.

இரண்டாவது, 'டி டிரைவில் பேக்கப் இருக்கு' என்பது. சி-யும் டி-யும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். ஒரே பீரோவின் மேல் தட்டு, கீழ் தட்டு.

மூன்றாவது, கூகுள் டிரைவில் சிங்க் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது. இங்கே பூட்டப்பட்ட கோப்பு அங்கேயும் அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய பதிப்பை டிரைவ் 30 நாள் அல்லது 100 பதிப்பு வரை வைத்திருக்கும் என்பதால் மீட்க வழி உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்புவது சாமானிய வேலை அல்ல. மூன்றாவது நகலாக அது இருக்கட்டும், முதல் நகலாக வேண்டாம்.

நான்காவதுதான் மோசமானது. எடுத்த நகலைத் திறந்தே பார்க்காமல் இருப்பது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டேலியில் ரீஸ்டோர் கொடுத்து, 'சோதனை' என்று புது ஃபோல்டர் போட்டு அதில் இறக்கி, நேற்றைய பில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். புது ஃபோல்டர் என்பது கட்டாயம். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டரிலேயே ரீஸ்டோர் கொடுத்தால், நடப்புக் கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறி உட்கார்ந்துவிடும். இதற்கு வைரஸே தேவையில்லை.

ஏற்காட்டில் இடி மின்னலும் மின்வெட்டும் சேர்ந்து வரும் மாதங்களில் யுபிஎஸ் இல்லாமல் நகல் எடுக்க வேண்டாம். பாதியில் மின்சாரம் போனால் எழுதிக்கொண்டிருந்த டிஸ்க்கும் கெடலாம்.

சுவர்

விண்டோஸ் முதன்முதலில் உருவாக்கும் யூசர் அக்கவுண்ட் அட்மினிஸ்ட்ரேட்டர். எதையும் நிறுவலாம், எதையும் அழிக்கலாம். அந்த அக்கவுண்டில் உட்கார்ந்துகொண்டு வருகிற மெயிலை எல்லாம் திறப்பது, கல்லாச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டு வியாபாரம் பார்ப்பது போன்றது.

செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய், இரண்டு புது அக்கவுண்ட் சேர்த்து, இரண்டையும் 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக வையுங்கள். ஒன்றின் பெயர் 'கணக்கு': டேலி, ஜிஎஸ்டி, வங்கி மட்டும். இன்னொன்றின் பெயர் 'பொது': வாட்ஸ்அப் வெப், மெயில், யூடியூப், கேம், வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ். பழைய அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்டுக்கு வலுவான பாஸ்வேர்டு போட்டு, அதைத் தாளில் எழுதி உங்கள் பீரோவில் வைத்துவிடுங்கள். புதிதாக ஏதாவது நிறுவும்போது மட்டும் அது வெளியே வரட்டும்.

இதனால் என்ன கிடைக்கிறது? 'பொது' அக்கவுண்டில் ஓடும் கெட்ட புரோகிராம், விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைக்க முடியாது, விண்டோஸ் தானாக வைத்திருக்கும் மீட்புப் பிரதிகளை அழிக்க முடியாது, 'கணக்கு' அக்கவுண்டின் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் தொட முடியாது. கிடைக்காதது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'பொது' அக்கவுண்டுக்கே சொந்தமான கோப்புகளையும், எல்லோரும் எழுதக்கூடிய பப்ளிக் ஃபோல்டரில் இருப்பவற்றையும் அது பூட்டிவிடும். சில கம்ப்யூட்டர்களில் டேலியின் டேட்டா இருப்பதே அந்த பப்ளிக் ஃபோல்டரில்தான். டேலியில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா எங்கே இருக்கிறது என்ற பாதை தெரியும். அது பப்ளிக்காக இருந்தால், 'கணக்கு' அக்கவுண்டின் டாக்குமெண்ட்ஸுக்குள் நகர்த்தி, டேலியிலும் பாதையை மாற்றுங்கள்.

வசதிக் குறைவுதான், மறுக்கவில்லை. பிரிண்டருக்கு டிரைவர் போடும்போது, டேலி அப்டேட் ஆகும்போது பாஸ்வேர்டு கேட்கும். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

காவல்காரன்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது; சின்னக் கடைக்கு அது போதும். தனியாக ஒன்று வாங்கினால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். சிக்கல் ஒரு வருடம் கழித்து வரும்: சந்தா முடிந்திருக்கும், மூலையில் சிவப்புக் குறி தெரியும், அதை யாரும் பார்ப்பதில்லை. புதுப்பிக்க மாட்டீர்கள் என்றால் அதை நீக்கிவிடுங்கள், டிஃபெண்டர் திரும்ப வேலைக்கு வந்துவிடும்.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து 'டேம்பர் புரொடெக்‌ஷன்' ஆனில் இருக்கிறதா பாருங்கள்; கெட்ட புரோகிராம் டிஃபெண்டரை அணைக்காமல் தடுப்பது அதுதான். அதே பக்கத்தில் 'ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்'. இதை ஆன் செய்து, டேலி டேட்டா ஃபோல்டரைப் பாதுகாக்கும் பட்டியலில் சேருங்கள். அனுமதி பெறாத புரோகிராம் எதுவும் அந்த ஃபோல்டரில் எழுத முடியாது. ஆன் செய்த மறுநாள் டேலியே சேமிக்க மறுக்கலாம். உடனே 'இது சரிப்படாது' என்று மொத்தமாக அணைத்துவிடுபவர்கள்தான் அதிகம். அணைக்க வேண்டியதில்லை. 'அலவ் ஆன் ஆப்' என்ற இடத்தில் டேலியைச் சேர்த்தால் போதும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டது. தனிநபர் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய கம்ப்யூட்டரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அப்படிப்பட்ட பழைய மெஷின் இருந்தால் அதில் வங்கி வேலை வேண்டாம். விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிற இடங்களுக்கு ஒரு தகவல்: 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை ரான்சம்வேர் பயன்படுத்திய ஓட்டைக்கு, அதே ஆண்டு மார்ச் மாதமே மைக்ரோசாஃப்ட் ஒட்டுப் போட்டுவிட்டது. மாட்டியவர்கள் அப்டேட் செய்யாதவர்கள். விண்டோஸ் 7-க்கு அப்படி ஒட்டுப் போடுவது 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது.

ஓசி சாஃப்ட்வேர்

பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டர்களிலும் டிசைன் போடும் பட்டறைகளிலும் புழங்கும் சாஃப்ட்வேர்களில் பாதி, காசு கட்டாமல் ஓட உரிமப் பூட்டை உடைத்த 'கிராக்' பதிப்பு என்பது ஊரறிந்த ரகசியம். சட்டம், நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். தொழில்நுட்பமாக மட்டும் பார்ப்போம். கிராக்கோடு வரும் குறிப்பின் முதல் வரியே 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்றிருக்கும். இரண்டாவது வரி 'அட்மினிஸ்ட்ரேட்டராக ரன் செய்யவும்'. காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சுவரையும் இடித்துவிட்டு, முகம் தெரியாதவனை உள்ளே அழைக்கிறோம்.

ஸ்டாப் அல்லது டிஜேவியு என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் குடும்பம் பரவியதே பெரும்பாலும் இந்த வழியில்தான். கோப்பின் பெயருக்குப் பின்னால் நான்கு எழுத்து வால் ஒன்று ஒட்டிக்கொள்ளும், ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு டெக்ஸ்ட் கோப்பு கிடக்கும், அதில் டாலர் தொகை இருக்கும். இது கோப்பு முழுவதையும் பூட்டுவதில்லை. முதல் 150 கேபி அளவை மட்டும் பூட்டுகிறது. வேகத்துக்காகச் செய்வது. சில பெரிய வீடியோக்களிலும் ஜிப் கோப்புகளிலும் ஒரு பகுதியையாவது மீட்க முடிவதற்கு இதுவே காரணம். கோப்புக்குள் தரும் ஐடியின் கடைசி இரண்டு எழுத்து 'டி1' என்று முடிந்தால், பூட்டிய நேரத்தில் அது தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல், பலருக்கும் ஒரே மாதிரி போடும் பொதுச் சாவியைப் பயன்படுத்தியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் இலவச மீட்புக் கருவி வேலை செய்ய ஒரு வாய்ப்பு உண்டு. வேறு எழுத்தில் முடிந்தால் இப்போதைக்கு நகல்தான் கதி.

பலரும் அறியாதது இன்னொன்று. கோப்பைப் பூட்டுவதற்கு முன்பே, அதே கிராக் கூட்டிவந்த இன்னொரு புரோகிராம் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போயிருக்கும். குக்கி என்பது 'இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்' என்ற அடையாளச் சீட்டு. அது கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஆகவே மாட்டிய பிறகு பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. மெயிலின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் எல்லாக் கருவிகளிலிருந்தும் சைன் அவுட் கொடுக்க வேண்டும். அதையும் வேறொரு சுத்தமான கருவியிலிருந்துதான் செய்ய வேண்டும். நோய் பிடித்த கம்ப்யூட்டரிலேயே புது பாஸ்வேர்டு போட்டால் புதியதும் அவன் கைக்கே போகும்.

காசு கொடுக்க மனமில்லையா? படம் வரைய இங்க்ஸ்கேப், போட்டோவுக்கு கிம்ப், கணக்குத் தாளுக்கு லிப்ரே ஆஃபீஸ் ஆகியவை சட்டப்படியே இலவசம். அவற்றையும் அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பு போலியாக இருப்பதுண்டு.

வாசலில் வருபவை

எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். பத்து விநாடி வேலை. இதைச் செய்யாத கம்ப்யூட்டரில் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்ற கோப்பு வெறும் 'பில்.பிடிஎஃப்' என்றுதான் தெரியும், ஐகானும் பிடிஎஃப் மாதிரியே இருக்கும். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இஎக்ஸ்இ, எஸ்சிஆர், ஜேஎஸ், விபிஎஸ், எல்என்கே இருந்தால் அது பில் அல்ல, புரோகிராம்.

பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பதற வேண்டாம். வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் தன்னை ஓடவைக்கும் ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது. சொடுக்காமல் விட்டு, வலது சொடுக்கில் டிஃபெண்டர் ஸ்கேன் கொடுத்து, பிறகு வியூவில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு காப்பி செய்துவிட்டு பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் ஸ்கேன் கட்டாயம்.

பழைய ஆஃபீஸ் 2007, 2010 வைத்திருப்பவர்கள் எக்ஸெல் கோப்பில் மேக்ரோவை (கோப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன புரோகிராம்) அனுமதிக்கும்படி கேட்டால் கொடுக்க வேண்டாம். இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோவைப் புது ஆஃபீஸ் 2022 முதல் தானாகவே தடுக்கிறது, பழையது தடுக்காது.

'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரை முழுக்க வந்து சத்தம் போட்டால் அது வெறும் வலைப்பக்கம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். திரும்பத் திறக்கும்போது 'ரீஸ்டோர் பேஜஸ்' கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 'உங்கள் விடுதி மீது விருந்தினர் புகார்' என்று புக்கிங் தளத்தின் பெயரில் மெயில் வரும். இணைப்பைச் சொடுக்கினால் 'நீங்கள் மனிதரா' என்று ஒரு பெட்டி. டிக் செய்ததும், 'சரிபார்க்க விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் அழுத்தவும், பிறகு கன்ட்ரோல், வி, பிறகு என்டர்' என்று சொல்லும். டிக் செய்த நொடியில் உங்கள் கிளிப்போர்டில் ஒரு கட்டளை ஏறியிருக்கும். நீங்கள் உங்கள் கையாலேயே அதை ஓடவிடுகிறீர்கள். கிளிக்ஃபிக்ஸ் என்று இதற்குப் பெயர். மனிதரா என்று சோதிக்கும் எந்தத் தளமும் விண்டோஸ் பொத்தானை அழுத்தச் சொல்லாது. கோடை விழா சமயம், அறைக்கு அறை போன் அடிக்கும் நேரத்தில்தான் இதில் விழுவார்கள்.

அவசரத்தைத் தேர்ந்தெடுப்பது இவர்களின் கலை. ஜிஎஸ்டிஆர் 1 தாக்கல் மாதம் 11-ஆம் தேதி, 3பி 20-ஆம் தேதி என்பது உங்களுக்குத் தெரிந்த மாதிரி அவர்களுக்கும் தெரியும். அந்த வாரங்களில் 'ரிட்டர்ன் நிராகரிக்கப்பட்டது' என்று வருவதை மெயிலில் சொடுக்காமல், தளத்தின் முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய்ப் பாருங்கள். முகவரி வாசிக்கும் முறை: தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டிலிருந்து இடப்பக்கமாக வாசியுங்கள். அங்கே 'கவ் டாட் இன்' இருந்தால் அரசுத் தளம். முன்னால் எங்கோ ஜிஎஸ்டி என்று எழுதியிருந்தால் அதற்கு மதிப்பில்லை. வங்கிகளும் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறிவிட்டன. அதற்கான கெடு 2025 அக்டோபர் 31.

போன் வழியாக வருவது

"சார், போன மாசம் கரண்ட் பில் அப்டேட் ஆகலை, இன்னைக்கு நைட் ஒன்பதரைக்கு லைன் கட் ஆயிடும்." மின்வாரியம் பத்து இலக்கத் தனி எண்ணிலிருந்து இப்படிச் சொல்லாது. பேசிக்கொண்டே ஒரு ஆப் போடச் சொல்வார்கள்: எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி திரையைப் பகிரும் ஆப், அல்லது வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு, அதாவது போனில் ஆப்பை நிறுவும் கோப்பு. திரைப் பகிர்வு ஆப்கள் நேர்மையான கருவிகள்தான். ஆப் காட்டும் எண்ணை நீங்கள் வாசித்துக் காட்டி, கேட்கும் அனுமதியையும் கொடுத்ததும் உங்கள் திரை அவர்கள் திரையாகிவிடுகிறது, அதுதான் ஆபத்து. ஏபிகே அதைவிட மோசம். 'டிராஃபிக் சலான்', 'கல்யாணப் பத்திரிகை' என்ற பெயரில் தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் முதலில் விழுந்திருக்கும். நிறுவியதும் எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி எல்லாம் நேராக அவர்களுக்கு. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், ஆப்பாக வராது.

யுபிஐ பின் பணம் அனுப்பவும் இருப்புப் பார்க்கவும்தான். பெறுவதற்குப் பின் போட வேண்டிய தேவை எந்தக் காலத்திலும் கிடையாது. 'ராணுவத்தில் இருக்கேன் அண்ணா, இருபது பேருக்கு ரூம் வேணும், க்யூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணுங்க, அட்வான்ஸ் வந்துடும்' என்பது ஏற்காட்டு ஹோம்ஸ்டேக்காரர்களும் சேலைக்காரர்களும் உஷாராக இருக்க வேண்டிய அழைப்பு. ஸ்கேன் செய்தால் போகும், வராது. சேலை அனுப்புவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். போலி ஆப்பில் பச்சை டிக் வரவைப்பது எளிது. உங்கள் வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பிறகுதான் பார்சல்.

வெள்ளிக்காரர்களுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. முன்பின் தெரியாதவர் போனில் சரக்குக் கேட்டு, உடனடியாக முழுத் தொகையையும் கணக்கில் போடுவார். ஆள் அனுப்பிச் சரக்கை எடுத்துக்கொள்வார். சில நாள் கழித்து உங்கள் கணக்கு முடக்கப்படும். அவர் போட்டது வேறு மாநிலத்தில் யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம். புகாரைத் தொடர்ந்து வந்த போலீஸ் உங்கள் கணக்கில் வந்து நிற்கிறது. வெள்ளியை உருக்கினால் அடையாளம் போய்விடும் என்பதால்தான் திருட்டுப் பணம் இந்தச் சரக்கைத் தேடி வருகிறது. பணம் அனுப்பிய கணக்கின் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். 2 லட்சத்துக்கு மேல் என்றால் பான் எண் வாங்குவது எப்படியும் சட்டக் கட்டாயம். சரக்கு எடுக்க வருபவரின் அடையாள அட்டை நகல், வாட்ஸ்அப் பேச்சு, பில், சிசிடிவி பதிவு எல்லாம் இருந்தால் முடக்கத்தை நீக்கக் கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்கும். பட்டறை ஆட்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: பாஸ்புக்கையும் சிம்மையும் கமிஷனுக்குக் கொடுப்பவன் குற்றத்தில் பங்காளி.

வெளியூர் வியாபாரியிடமிருந்து 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்' என்று மெயில் வந்தால், அந்த மெயிலில் உள்ள எண்ணை அல்ல, உங்கள் பழைய நோட்டில் உள்ள எண்ணை அழைத்துக் கேளுங்கள். நெட் பேங்கிங்கில் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்பும்போது பெறுபவரின் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் பணித்தது. பெயர் பொருந்தாவிட்டால் அனுப்பாதீர்கள். உங்கள் ஜிமெயிலிலும் செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்ஸ்' இரண்டையும் திறந்து பாருங்கள். உள்ளே புகுந்தவன் முதலில் செய்வது, 'இன்வாய்ஸ்' என்று வரும் மெயில்களைத் தனக்குத் திருப்பி, உங்கள் கண்ணில் படாமல் ஒளிப்பதுதான்.

வைஃபை, கேமரா

சுருக்கமாக. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் சிசிடிவி டிவிஆரின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இணைப்புப் போட வந்தவர் வைத்துவிட்டுப் போனது எல்லாக் கடைக்கும் ஒன்றாகவே இருக்கும். 2016-இல் மிராய் என்ற புரோகிராம் இணையத்தையே திணறடித்தது இப்படிப் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் கொண்டுதான். 'சேலம்@123' பாஸ்வேர்டு ஆகாது. தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடுத்தடுத்து எழுதுங்கள். விடுதியில் விருந்தினருக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' தனியாக வையுங்கள். கேமராவும் பில் கம்ப்யூட்டரும் அதில் இருக்கக் கூடாது.

மாட்டிக்கொண்டால்

பணம் போயிருந்தால் முதல் வேலை, சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைப்பது. அடுத்தது வங்கி. அழும் நேரம் பிறகு. திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினால்தான் மீளும். எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கணக்கு. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம், உங்கள் கணக்கு எண். அதே நாளில் 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்திலும் பதிவு செய்து ஒப்புகை எண் வாங்குங்கள். நேரில் போவதானால் சேலம் மாநகருக்குத் தனி சைபர் கிரைம் காவல் நிலையம், மாவட்டத்துக்குத் தனி. ஏற்காடு மாவட்டத்தின் கீழ் வரும்.

வங்கியிடம் ஏன் அவசரம் என்றால், 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த கணக்கு இப்படி. உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாமிடத்து ஓட்டையால் பணம் போனால், 3 வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை நீங்கள் சுமக்க வேண்டும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் நிமிடம் வரை போனது உங்கள் தலையில், அதற்குப் பின் போவது வங்கியின் தலையில். ஆகவே தெரிவித்த நேரத்துக்குச் சான்று வேண்டும். போனோடு நிறுத்தாமல் மெயிலும் அனுப்புங்கள்.

கோப்புகள் பூட்டப்பட்டிருந்தால் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், மாட்டியிருக்கும் டிஸ்க்கைக் கழற்றுங்கள். கண்ணெதிரில் கோப்புகளின் பெயர் மாறிக்கொண்டே போனால் யோசிக்காமல் மின்சாரத்தை நிறுத்துங்கள், மிச்சம் இருப்பதாவது பிழைக்கும். மிரட்டல் குறிப்பை மொபைலில் போட்டோ எடுங்கள். பூட்டிய கோப்புகளை அழிக்காதீர்கள், 'ஃபார்மட் பண்ணிடலாம் சார்' என்பவரிடம் உடனே கொடுக்காதீர்கள். அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டு வைத்துவிட்டு, புது எஸ்எஸ்டி மாட்டி விண்டோஸை முதலிலிருந்து ஏற்றுங்கள். 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தை 2016-இல் நெதர்லாந்து போலீசும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கின. பூட்டிய கோப்புகளில் ஏதாவது இரண்டையும் மிரட்டல் குறிப்பையும் அங்கே ஏற்றினால், எந்த வகை, இலவசச் சாவி உண்டா என்று சொல்லும். இன்று இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்; குற்றவாளிகள் பிடிபடும்போது சாவிகள் வெளிவருவதுண்டு. உறையில் வைத்த டிஸ்க் அதற்குத்தான்.

புது விண்டோஸ் ஏறியதும் பாஸ்வேர்டு மாற்றும் வரிசை: முதலில் மெயில், ஏனென்றால் மற்ற எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் அதை வைத்துத்தான் மீட்க முடியும். பிறகு வங்கி, ஜிஎஸ்டி, வாட்ஸ்அப்பின் ஆறு இலக்கப் பின். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் வெளியேற்றுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அந்தக் கம்ப்யூட்டரில் மாட்டியே கிடந்திருந்தால் அதன் பின்னையும் மாற்றுங்கள், ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடைசியாக 'வெள்ளி' டிஸ்க்கை மாட்டுவதற்கு முன் டிஃபெண்டர் அப்டேட் ஆகிவிட்டதா என்று பாருங்கள்; ஸ்கேன் முடிந்த பிறகே டேலியில் ரீஸ்டோர்.